நிறுத்தும் அதிகாரமும் திறக்கும் அதிகாரமும்

சாலையிற் செல்லும் வண்டியைக் கைகாட்டி நிறுத்துவது ஒரு செயல். அந்த வண்டியின் பின்பெட்டியைத் திறந்து, உள்ளே கிடக்கும் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பது மற்றொரு செயல். இரண்டையும் செய்பவர் ஒரே காவலராக இருக்கலாம்; இரண்டுக்கும் இடையே ஒரு நிமிஷங்கூடக் கழியாமல் இருக்கலாம். ஆயினும் சட்டத்தின் பார்வையில் அவை ஒன்றல்ல. நிறுத்தும் அதிகாரம் மோட்டார் வண்டியோடு வளர்ந்தது; அதற்கு நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட வயதே உண்டு. திறந்து பார்க்கும் அதிகாரமும், அதற்கு இடப்பட்ட வரம்பும் அதனினும் மிகப் பழையவை. அவ்வரம்பு எங்கிருந்து வந்தது, நம் நாட்டில் அது எந்த ஏட்டில் எழுதப்பட்டது, எந்த ஏட்டில் எழுதப்படாமல் விடப்பட்டது என்பதே இங்குச் சொல்ல எடுத்துக்கொண்ட வரலாறு.

மும்பையிலும் தில்லியிலும் வாழும் தமிழர்களுக்கு 'நாக்காபந்தி' என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. இரவில் சாலையின் குறுக்கே இரும்புத் தடுப்புகளை வைத்து, வரும் வண்டிகளை நிறுத்தி விசாரிப்பதற்கு அங்கு வழங்கும் பெயர் அது. தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய வண்டி அத்தகைய தடுப்பில் முதலிற் கண்ணிற் படுவது இயல்பே. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை மற்றொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு பெற வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கிறது. ஆகவே பதிவெண்ணைக் கண்டு வினவுவதில் குறை காண்பதற்கில்லை. வினவுதல் எங்கே முடிகிறது, சோதனை எங்கே தொடங்குகிறது என்பதுதான் கேள்வி. பிறமொழி வழங்கும் ஊரில், அகாலத்தில், குடும்பத்தோடு நிற்கும் ஒருவர் 'காட்டு' என்பதற்கும் 'திற' என்பதற்கும் வேறுபாடு கருதாமல் இரண்டுக்கும் இணங்கிவிடுவதே வழக்கமாக இருக்கிறது.

1762-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் லண்டனில் ஜான் என்டிக் என்னும் எழுத்தாளரின் வீட்டுக்குள் அரசரின் ஏவலாளர் நால்வர் புகுந்தனர். ஹாலிபாக்ஸ் பிரபு என்னும் அமைச்சர் ஒப்பமிட்ட ஆணை அவர்கள் கையில் இருந்தது. நான்கு மணி நேரம் அவர்கள் அவ்வீட்டின் அறைகளையும் பெட்டிகளையும் உடைத்துத் துழாவி, காகிதங்களை வாரிக்கொண்டு சென்றனர். என்டிக் அவர்கள்மேல் வழக்குத் தொடுத்தார். 1765-இல் தலைமை நீதிபதி காம்டன் பிரபு அவ்வழக்கில் அளித்த தீர்ப்பின் சாரம் மிக எளியது. அமைச்சருக்கு இத்தகைய அதிகாரம் உண்டெனில் அது சட்ட நூல்களிற் காணப்பட வேண்டும், காணப்படவில்லை, ஆதலின் அது இல்லை. அதிகாரம் இன்றிப் பிறர் மனையிற் கால் வைத்தவர் அரசரின் ஆளேயாயினும் அத்துமீறியவரே. என்டிக்குக்கு 300 பவுன் நஷ்டஈடு கிடைத்தது.

இத்தீர்ப்பில் நாம் கவனிக்கத்தக்கது, வழக்கைக் காட்டும் சுமை யார்மேல் வைக்கப்பட்டது என்பதே. 'என் வீட்டைச் சோதிக்கக் கூடாது' என்று சொல்வதற்கு ஆதாரம் தேட வேண்டியவர் வீட்டுக்காரர் அல்லர். 'சோதிக்கலாம்' என்பதற்குச் சட்டத்தைக் காட்ட வேண்டியவர் சோதிப்பவர். ஏறத்தாழ அதே காலத்தில், 1761-இல், அமெரிக்கக் குடியேற்ற நாட்டின் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ஓடிஸ் என்னும் வழக்கறிஞர், சுங்க அதிகாரிகள் கையிலிருந்த பொது ஆணைகளை எதிர்த்து வாதாடினார். அவர் அன்று தோற்றார் எனினும், அந்த மனக்குறை அணையவில்லை. நியாயமற்ற சோதனைக்கும் பறிமுதலுக்கும் உட்படாதிருக்கும் உரிமை 1791-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தமாகவே எழுதப்பட்டது.

இங்கிலாந்தின் சட்டமே இந்தியாவை ஆண்டது என்றாலும், என்டிக் வழக்கின் காற்று இங்கே அதே வேகத்தில் வீசவில்லை. இங்கு அரசாங்கத்தைக் கவலைக்குள்ளாக்கியது வேறொரு செய்தி. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் சென்னை மாகாணத்துச் சிப்பந்திகள் மக்களைச் சித்திரவதை செய்கின்றனர் என்ற குற்றச்சாட்டை விசாரிக்க ஒரு கமிஷன் அமைக்கப்பட்டது. 1855-இல் வெளிவந்த அதன் அறிக்கை, குற்றச்சாட்டு மெய்யே என்று கண்டது. அதன் பயனாகச் சென்னையில் 1859-இல் புதிய போலீஸ் சட்டம் வந்தது. 1861-இல் இந்தியா முழுமைக்குமான போலீஸ் சட்டமும் முதற் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் வந்தன. போலீஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதல் வழக்கில் சான்றாகாது என்னும் விதி அந்த 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்று, 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்துக்குச் சென்றது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இதில் ஒரு விந்தை உண்டு. கைதியின் வாயிலிருந்து வந்ததாகப் போலீஸார் சொல்வதை நம்பாத சட்டம், கைதியின் பெட்டியிலிருந்து வந்ததாக அவர்கள் சொல்வதை நம்பிற்று. ஆயினும் முழுதாக நம்பிவிடவில்லை. சில கட்டுகளை விதித்தது. 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், சுதந்தரத்துக்கு முன்னரே நிலைபெற்றுவிட்ட அக்கட்டுகள் இவை. வாரண்டு இன்றிச் சோதனையிடும் அதிகாரி ஒரு குற்றத்தைப் புலன் விசாரிப்பவராக இருக்க வேண்டும். தேடும் பொருள் அவ்விடத்தில் இருக்கிறது என நம்புவதற்கு நியாயமான முகாந்தரம் வேண்டும். அம்முகாந்தரத்தையும் தேடும் பொருளையும் சோதனைக்கு முன்னரே எழுதி வைக்க வேண்டும். அவ்வட்டாரத்தைச் சேர்ந்த மதிப்புக்குரிய இருவரேனும் சாட்சியாக நிற்க, எடுத்த பொருள்களுக்குப் பட்டியல் எழுத வேண்டும். பெண்ணைச் சோதிப்பவர் பெண்ணாகவே இருக்க வேண்டும். நம் ஊரில் மகஜர் என்றும், வடக்கே பஞ்ச்நாமா என்றும் வழங்கும் காகிதத்தின் பிறப்பு இதுவே.

ஆகவே சுதந்தரம் வந்தபோது நம் நாட்டில் வரம்பு இருந்தது. ஆனால் அது சாதாரணச் சட்டத்தில் இருந்தது. சட்டமன்றம் ஆக்கியதைச் சட்டமன்றமே மாற்றலாம். அமெரிக்கர் செய்தது போல அதனை அரசியல் சட்டத்துக்குள் ஏற்றிவைப்பதா என்ற வினா அரசியல் நிர்ணய சபையில் எழுந்தது. அடிப்படை உரிமைகளைப் பற்றி 1947-இல் அம்பேத்கர் எழுதியளித்த வரைவில் நியாயமற்ற சோதனைக்கு எதிரான உரிமை தெளிவாகவே இருந்தது, கே. எம். முன்ஷியும் அத்தகையதொன்றை விரும்பினார். இதற்கு மறுப்புக் கூறியவர்களுள் முதன்மையானவர் சென்னையின் புகழ்பெற்ற சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். பி. என். ராவும் அவரோடு உடன்பட்டார். குற்றம் புலனாய்வதற்கு இது தடையாகும் என்பது அவர்களுடைய கருத்தாக இருந்தது. அவர்கள் மக்களின் உரிமையை மதியாதவர்கள் அல்லர். புதிதாகப் பிறக்கும் அரசு, பிரிவினைக் கலவரங்களின் நடுவே, கைகட்டப்பட்டு நிற்குமோ என அஞ்சியவர்கள். அந்த அச்சத்தைக் காலத்தோடு சேர்த்துப் பார்த்தே எடைபோட வேண்டும். இறுதியில் அந்த உரிமை வரைவிலிருந்து நீக்கப்பட்டது.

எனினும் பேச்சு அத்துடன் முடியவில்லை. 1948 டிசம்பர் 3-ஆம் நாள் காஜி சையத் கரிமுதீன் என்னும் உறுப்பினர் அதனை மீண்டும் ஒரு திருத்தமாகக் கொணர்ந்தார். அமெரிக்க நான்காவது திருத்தத்தின் வாசகத்தை ஏறத்தாழ அப்படியே தழுவியது அது. அம்பேத்கர் அதனை ஏற்கச் சித்தமாக இருப்பதாகச் சபையில் கூறினார். இதில் புதுமை ஏதுமில்லை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உள்ளதே இது. ஆயினும் சட்டமன்றங்களின் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது பயனுடையது என்பது அவர் எண்ணம். வரைவுக் குழுவின் தலைவரே ஏற்கச் சித்தமாக இருந்த அத்திருத்தம், முடிவில் அரசியல் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஒரு சிறு வாசகந்தான். ஆனால் பிற்காலத்தில் இந்நாட்டுச் சாலைகளில் நிறுத்தப்பட்ட வண்டிகளுள் எத்தனையோ அவ்வாசகம் இல்லாத குறையைச் சுமந்தன.

அக்குறை உடனே வெளிப்பட்டது. டால்மியா குழுமத்து நிறுவனம் ஒன்றைப் பற்றிய விசாரணையில் நடந்த சோதனைகளை எதிர்த்து வந்த எம். பி. சர்மா வழக்கில், 1954 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் எண்மர் தீர்ப்பளித்தனர். சோதனையிடும் அதிகாரம் சமுதாயப் பாதுகாப்புக்காக அரசுக்கு உள்ள அதிகாரம். அமெரிக்க நான்காவது திருத்தத்தைப் போன்றதொன்றை நம் அரசியல் சட்டத்தை ஆக்கியோர் வைக்கவில்லை. அவர்கள் வைக்காததை வலிந்து பொருள்கொண்டு உள்ளே நுழைப்பதற்கு நீதிமன்றத்துக்கு நியாயம் இல்லை என்றனர். 1962 டிசம்பரில் கரக் சிங் வழக்கு வந்தது. உத்தரப் பிரதேசத்தில் போலீஸார் இரவில் வீட்டுக் கதவைத் தட்டி ஒருவரைக் கண்காணித்த வழக்கு அது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்றவரான என். ராஜகோபால ஐயங்கார் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, இரவு வருகையை ரத்துச் செய்தது. ஆனால் அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் உறுதியளித்த உரிமையன்று என்று கூறிற்று. அது தனிமனித சுதந்தரத்தின் இன்றியமையாத கூறே என்று மாறுபட்டு எழுதியவர் சுப்பா ராவ்.

அதே சுப்பா ராவ் எழுதிய மற்றொரு தீர்ப்பு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. ராஜஸ்தானில் புகையிலை வரி சம்பந்தமாக ஆயத்தீர்வை அதிகாரிகள் ரஹ்மான் என்பவரின் வீட்டைச் சோதிக்கச் சென்றனர். சோதனைக்கான காரணத்தை முன்னதாக எழுதி வைக்கவில்லை. அவர் தடுத்தார். அரசு ஊழியரின் கடமையைத் தடுத்த குற்றம் அவர்மேல் சாட்டப்பட்டது. 1960-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் உள்ள அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம், காரணத்தை எழுதுவது வெறும் சடங்கன்று. எழுதாமற் செய்த சோதனை சட்டப்படியான சோதனையே அன்று. ஆகவே அதைத் தடுத்தது குற்றமாகாது என்று கூறி அவரை விடுவித்ததை உறுதிசெய்தது. காம்டன் பிரபுவின் குரல் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ராஜஸ்தானத்துப் புகையிலைக் குடியானவரின் வாயிலில் கேட்டதென்றே சொல்லலாம்.

ஆனால் அக்குரலுக்கு ஓர் எல்லை உண்டு. ஓர் அஞ்சற்காரரைப் பற்றிய ராதாகிஷன் வழக்கில், 1963-ஆம் ஆண்டுத் தொகுதியில், இதே நீதிமன்றம் வேறொரு முகத்தைக் காட்டியது. முறை தவறிய சோதனையை வீட்டுக்காரர் தடுக்கலாம். அச்சோதனையில் கிடைத்த பொருளைப் பற்றிய சாட்சியத்தை நீதிமன்றம் கூடுதல் எச்சரிக்கையோடு பார்க்கலாம். எனினும் முறை தவறியது என்பதற்காக மட்டும் கைப்பற்றியது செல்லாமற் போகாது. 1973 டிசம்பரில் முடிவான பூரண்மல் வழக்கு இதனை நிலைநாட்டியது. சட்ட விரோதமான சோதனையில் கிடைத்ததாயினும், வழக்குக்குத் தொடர்புடையதாயின் சான்றாகக் கொள்ளலாம் என்பதே பொது விதியாயிற்று. திறக்கக் கூடாத பெட்டியைத் திறந்தவர் தவறு செய்தவர்; ஆனால் பெட்டிக்குள் கிடைத்தது கிடைத்ததுதான்! நம் நாட்டுச் சட்டத்தின் வன்மையும் மென்மையும் இந்த ஓர் இடத்தில் சேர்ந்து நிற்கின்றன.

இதுகாறும் வீட்டைப் பற்றியே பேசினோம். மோட்டார் வண்டி வந்தபோது புதியதொரு சிக்கல் எழுந்தது. வீடு இருந்த இடத்தில் இருக்கும். வாரண்டு வரும்வரை காத்திருக்கும். வண்டி காத்திராது. இச்சிக்கலை முதன்முதலாகத் தெளிவாக எதிர்கொண்ட நாடு, மதுவிலக்கு நடைமுறையிலிருந்த காலத்து அமெரிக்காவே. 1921 டிசம்பரில் மிச்சிகன் மாநிலத்து நெடுஞ்சாலையில், மதுக் கடத்துபவர் என்று அதிகாரிகள் முன்னரே அறிந்திருந்த கரோல் என்பவரின் காரை நிறுத்தினர். இருக்கையின் பஞ்சணையைக் கிழித்தபோது 68 புட்டி மது கிடைத்தது. 1925-இல் தலைமை நீதிபதி டாப்ட் எழுதிய தீர்ப்பு, ஓடக்கூடிய வண்டிக்கு வாரண்டு வேண்டியதில்லை என்றது. ஆனால் தகுந்த முகாந்தரம் வேண்டும் என்றது. மதுவைக் கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணத்தில் சாலையிற் செல்வோர் எல்லோரையும் நிறுத்திச் சோதிப்பது பொறுக்கத்தக்கதன்று என்பதும் அத்தீர்ப்பின் பகுதியே. வாரண்டு வேண்டாம், காரணம் வேண்டும் என்ற இந்தப் பாகுபாடே பின்னர் உலகில் பல நாடுகளின் சாலைச் சோதனைக்கு அடிப்படை.

நம் நாட்டில் அனைத்திந்திய மோட்டார் சட்டம் 1914-இல் வந்தது. 1939-இல் விரிவான சட்டமும், அதனை மாற்றி 1988-இல் இப்போதைய சட்டமும் வந்தன. இப்போதைய சட்டத்தின்படி, சீருடை அணிந்த காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும். பதிவுச் சான்றையும் காப்புறுதிச் சான்றையும் அதற்கென அதிகாரம் பெற்ற காவலர் கேட்டாற் காட்ட வேண்டும். உரிமத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் அதிகாரி அதற்குப் பதிலாக ஒரு ரசீது தர வேண்டும். பதிவோ உரிமமோ இன்றி ஓட்டப்படுவதாக நம்பக் காரணமிருப்பின் வண்டியையே நிறுத்தி வைக்கலாம். குடித்திருப்பதாக நியாயமான ஐயம் ஏற்பட்டால் மூச்சுப் பரிசோதனைக்கு உட்படுத்தலாம். மூச்சை ஊதச் சொல்வதற்கே நியாயமான ஐயத்தை வேண்டுகிறது சட்டம்! உரிமம் கேட்கும் பிரிவுகளில் பின்பெட்டியைப் பற்றியோ, கைப்பையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

அப்படியானால் திறக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான். 1973-ஆம் ஆண்டில் அச்சட்டத்தைப் புதிதாக இயற்றியபோது, 'இடம்' என்னும் சொல் வீடு, கட்டிடம், கூடாரம் ஆகியவற்றோடு வண்டியையும் கப்பலையும் குறிக்கும் என்று பொருள் வரையறுத்தனர். ஆகவே வீட்டுக்குச் சொன்ன விதியே வண்டிக்கும் ஆயிற்று. முகாந்தரம் வேண்டும், அது முன்னரே எழுத்தில் வேண்டும். இதற்குப் புறம்பாகச் சில தனிச் சட்டங்களும் உள்ளன என்பதை மறைக்கலாகாது. திருட்டுப் பொருள் என்று நல்லெண்ணத்தோடு ஐயுற்றால் தெருவிலேயே சோதிக்கும் அதிகாரத்தை மும்பைப் பகுதிக்கும் தில்லிக்கும் உரிய போலீஸ் சட்டங்கள் அளிக்கின்றன. மதுவிலக்கு நிலவும் குஜராத்திலும் பிகாரிலும் அதற்கான சட்டம் வேறு. ஆனால் இவற்றுள்ளும் பொதுவாக ஐயம் என்று ஒன்று முன்னே நிற்கிறது. உரிமம் இருக்கிறதா என்று பார்க்க நிறுத்தியதே ஐயமாகிவிடாது.

இவ்வரம்பு மிகக் கூர்மையாகச் சோதிக்கப்பட்டது 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்தில். பெரிய அளவிற் பிடிபட்டால் பத்தாண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை என்று அச்சட்டம் விதிக்கிறது. இத்துணைக் கடுமையான சட்டத்தில், சோதனையின் விதிகளையும் கடுமையாகவே வைத்தனர். ரகசியத் தகவல் கிடைத்தால் அதனை எழுதி, மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். வாரண்டின்றி இரவிற் சோதிப்பதாயின் காரணத்தை எழுத வேண்டும். ஒருவரின் உடலைச் சோதிப்பதற்கு முன், மாஜிஸ்திரேட்டின் முன்னிலையிலோ கெஜட்டெட் அதிகாரியின் முன்னிலையிலோ சோதிக்கப்படும் உரிமை அவருக்கு உண்டு என்று சொல்ல வேண்டும். இதனைச் சொல்லாமற் செய்த உடற் சோதனையில் கிடைத்ததை மட்டும் நம்பித் தண்டிக்க முடியாது என்று 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. பூரண்மல் வழக்கின் பொது விதிக்கு இது ஓர் அரிய விலக்கு.

ஆனால் உடல் என்பது உடல் மட்டுமே. கையில் உள்ள பை உடலாகாது என்று 2005-இல் பவன் குமார் வழக்கில் நீதிமன்றம் கூறியது. பையே ஆகாதபோது வண்டி எங்ஙனம் ஆகும்? ஆகவே வண்டியைப் பொறுத்தவரை வழக்குகள் வேறொரு முடிச்சைச் சுற்றி வந்தன. இச்சட்டம் பொது இடத்தில் நடக்கும் சோதனைக்கு, முன்னே எழுதி வைக்கும் நிபந்தனையை விதிக்கவில்லை. பொது இடம் என்பதில் பொதுப் போக்குவரத்து வண்டியும் அடங்கும் என்று விளக்கமும் தருகிறது. அப்படியாயின் பொதுச் சாலையில் நிற்கும் தனியார் ஜீப் எத்தகையது? சாலை பொதுவானது, ஜீப் ஒருவருக்குச் சொந்தமானது. போலீஸார் சாலையைப் பார்த்தனர். குற்றம் சாட்டப்பட்டவர் ஜீப்பைப் பார்த்தனர்.

ராஜஸ்தானிலிருந்து வந்த ஜக்ராஜ் சிங் வழக்கில் 2016-இலும், ஹரியானாவிலிருந்து வந்த பூட்டா சிங் வழக்கில் 2021 ஏப்ரலிலும் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூறிற்று. பூட்டா சிங் வழக்கில் ஜீப்பில் கசகசாச் செடியின் உலர்ந்த காய்த்தூள் மூட்டைகள் இருந்தன என்பது போலீஸாரின் கூற்று. தகவல் முன்னரே வந்தது, எழுதப்படவில்லை. நீதிமன்றம் வண்டியின் பதிவுச் சான்றை எடுத்துப் பார்த்தது. அது பொதுப் போக்குவரத்து வண்டி என்று அதில் இல்லை. ஆகவே பொது இடம் பற்றிய விலக்கு பொருந்தாது, எழுத வேண்டியது எழுதப்படவேயில்லை, தண்டனை ரத்தாயிற்று. உரிமம் கேட்கும்போது நாம் நீட்டும் அதே பதிவுச் சான்றுதான் இங்கே சோதனையின் எல்லையை வரைந்தது. பொதுச் சாலையில் வந்துவிட்டதனால் சொந்த வண்டி பொது வண்டியாகிவிடவில்லை.

குற்றவாளிகள் காகிதக் குறையினால் தப்புகின்றனர் என்று இத்தீர்ப்புகளைக் கண்டு வருந்துவோர் உண்டு. அவ்வருத்தம் பொருளற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் பத்தாண்டுச் சிறை ஒரு மூட்டையைப் பொறுத்து நிற்கும்போது, அம்மூட்டை வண்டியில் இருந்ததா, பின்னர் வந்ததா என்பதை அறிய நீதிபதிக்கு வேறு சாதனம் ஏது? முன்னே எழுதிய காகிதம், பின்னே கட்டிய கதையைத் தடுக்கிறது. நேர்மையான காவலருக்கும் அதுவே காப்பு.

அமெரிக்காவிலும் கதை இத்துணைச் சிறு அளவுகளில்தான் நகர்ந்திருக்கிறது. 2012-இல் நெப்ராஸ்கா மாநிலத்தில், சாலையோரக் கோட்டைத் தாண்டி ஓட்டியதற்காக ரோட்ரிகஸ் என்பவரை ஓர் அதிகாரி நிறுத்தினார். எச்சரிக்கைச் சீட்டையும் கொடுத்துவிட்டார். அதன்பின் மோப்ப நாயைக் காரைச் சுற்றி விட அனுமதி கேட்டார், அவர் மறுத்தார், மற்றொரு காவலர் வரும்வரை அவரை நிறுத்தி வைத்தார். ஏழெட்டு நிமிஷம். நாய் மோப்பம் கண்டது. போதைப் பொருள் அகப்பட்டது. 2015-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், நீதிபதி கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பில், போக்குவரத்து அலுவல் முடிந்ததும் நிறுத்தும் அதிகாரமும் முடிந்தது. வேறு ஐயம் இன்றி அதனை நீட்டியது தவறு என்றது. வழக்கு மீண்டும் கீழ் நீதிமன்றத்துக்குச் சென்றபோது, அதிகாரி அன்றிருந்த சட்டத்தை நம்பி நடந்தார் என்ற காரணத்தால் ரோட்ரிகஸின் தண்டனை நிலைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அரசியல் சட்டத்தில் எழுதி வைத்த நாட்டிலும் வரம்புக்கு ஓட்டைகள் உண்டு.

நம் அரசியல் நிர்ணய சபை விட்ட இடைவெளி 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஓரளவு நிரம்பியது. புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். சர்மா வழக்கிலும் கரக் சிங் வழக்கிலும் அதற்கு மாறாகச் சொன்ன பகுதிகள் செல்லாதனவாயின. 1962-இல் சிறுபான்மையாக நின்ற சுப்பா ராவின் கருத்து ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வென்றது.

ஆயினும் சாலையில் என்ன நடக்கிறது? 2018-இல் விதி திருத்தப்பட்டதன் பயனாக, உரிமத்தைக் கைப்பேசியில் மின்னணு வடிவிற் காட்டினாற் போதும் என்றாயிற்று. நன்மையான மாற்றம். ஆனால் இதனால் சட்டைப் பைக்குள் கிடந்த கைப்பேசி காவலரின் கண்முன் வந்தது. 2021 அக்டோபரில் ஹைதராபாதில் போலீஸார் சாலையில் வண்டியோட்டிகளை நிறுத்தி, அவர்களுடைய கைப்பேசியை வாங்கி, கஞ்சா பற்றிய செய்திப் பரிமாற்றம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் காட்சிகள் வெளிவந்தன. பலத்த கண்டனமும் எழுந்தது. உரிமத்தைக் காட்டுவதற்குக் கைப்பேசியை நீட்டியவர், அதிலுள்ள கடிதங்களைப் படிக்க இசைந்தவர் ஆவரோ? 1762-இல் என்டிக்கின் மேசையிலிருந்து வாரிச் செல்லப்பட்டவையும் காகிதங்களே என்பதை இங்கு நினைக்காமலிருக்க முடியவில்லை.

1973-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் பெயரிய சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பழைய 165-ஆம் பிரிவு அதில் 185-ஆம் பிரிவாக இருக்கிறது. எழுத்தில் முகாந்தரம் வேண்டும் என்பது மாறவில்லை. புதிதாகச் சேர்ந்தது, சோதனையை ஒலி ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்னும் விதி. கைப்பேசியிலேயே அதனைச் செய்யலாம். காவலர் கையில் ஒரு கருவி பதிவு செய்துகொண்டிருக்கிறதா என்று கேட்பதற்கு இனி எவரும் கூச வேண்டியதில்லை.

தடுப்பில் நிற்கும்போது சட்டத்தின் பெயரால் சச்சரவிடுவது அறிவுடைமை ஆகாது. தடுத்து நிற்க உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மையே. அதனை நள்ளிரவில் நிலைநாட்டப் புகுவதன் விளைவு வேறு. கேட்ட சான்றுகளைக் காட்டி, திறக்கச் சொன்னால் எந்தக் குற்றத்துக்காக, எதைத் தேடி என்று அமைதியாக வினவலாம். தாமே முன்வந்து திறந்து கொடுத்தவருக்குப் பின்னர் வழக்காட இடம் குறைவு. ஆகவே தாம் இசைந்து திறக்கவில்லை என்பதை வாயால் ஒரு முறை சொல்லி வைப்பது நல்லது. நேரத்தையும் இடத்தையும் காவலரின் பெயர்ப் பட்டையையும் குறித்துக்கொள்ளலாம். 185-ஆம் பிரிவின்படி சோதனை நடந்ததாயின், அதற்கு எழுதிய காரணத்தின் நகல் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டுக்குச் செல்ல வேண்டும். சோதிக்கப்பட்ட இடத்துக்கு உரியவர் விண்ணப்பித்தால் மாஜிஸ்திரேட்டு அதன் நகலை அவருக்குத் தர வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.